கயிறும் தளமும்: மாதிரிக் கப்பல் கேள்வி-பதில்

மரத்தில் கட்டும் மாதிரிக் கப்பலுக்கு உடல் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. தளத்தில் வரும் சின்னச் சின்ன உறுப்புகளும் கயிற்று வேலையும் மீதிப் பாதி. வாசகர்களின் கேள்விகளும் அங்கேதான் குவிகின்றன. இந்த இதழுக்கு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேறு விகிதம் சொல்லாத இடத்தில் கணக்கு 1:64 மாதிரிக்கு. கப்பல்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சதுரப் பாய்க் கப்பல்கள்.

கேள்வி: தளத்துக்குப் பலகை ஒட்டி முடித்துவிட்டேன். பாய்மரங்களை இப்போதே நட்டுவிடலாமா? கப்பல் உருவத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நட்டுப் பார்க்கலாம், ஒட்டிவிடாதீர்கள். பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். பாய்மரமும் அதை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கயிறுகளும் வந்துவிட்டால் தளத்தின் நடுப்பகுதிக்குக் கை போகாது, சாமணம் மட்டும்தான் போகும். அதனால் ஹேட்ச் எனும் தளத் திறப்புகளின் சட்டங்கள், அவற்றை மூடும் கிராதிகள், பீரங்கிகளும் அவற்றின் கயிறுகளும், கப்பல் மணி தொங்கும் கூடு, படிக்கட்டு எல்லாம் முதலில் முடிய வேண்டும். பாய்மரத்தின் அடியைச் சுற்றி வரும் கொக்கி வளையங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னால் ஒவ்வொன்றுக்கும் தளத்தில் துளை போட நேரும்போது ட்ரில் சாய்ந்து பலகை பிளந்துவிடும்.

கயிறு கட்டும் முளைகளுக்கான துளைகளையும் பக்கச் சட்டத்தைக் கப்பலில் ஒட்டுவதற்கு முன்பே, மேசைமேல் வைத்துப் போட்டுவிடுங்கள். பருமல்களில், அதாவது பாய் தொங்கும் குறுக்குக் கம்புகளில், வரவேண்டிய கப்பிகள் அத்தனையையும் கம்பு கையில் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்கி எந்த முளையில் முடிகிறது என்று வண்ணப் பென்சிலால் தடம் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன கப்பிகள் அப்போதே தெரிந்துவிடும்.

இழுவை தாங்கவேண்டிய வளையங்களை வெறுமனே துளையில் செருகி ஒட்டினால் போதாது. வளையத்தின் கால் வழவழப்பான பித்தளைக் கம்பி. பசை அதைப் பிடிக்காது. காலை அரத்தால் உரசிக் கரடாக்கி, நுனியைச் சற்றே வளைத்து, எபாக்ஸி வைத்துச் செருகுங்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் கொக்கி போட்டு நன்றாகச் சுண்டி இழுத்துப் பாருங்கள். பிடுங்கிக்கொண்டு வருவது இன்றைக்கே வரட்டும். கயிறு எல்லாம் கட்டிய பிறகு வந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தளப் பலகைகளின் இடுக்கைக் காட்ட ஓரங்களில் கறுப்பு மார்க்கர் பூசினேன். வார்னிஷ் அடித்ததும் கறுப்பு கசிந்து பலகை முழுவதும் அழுக்காகிவிட்டது. சரிசெய்ய வழி உண்டா?

மார்க்கர் மை சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ கரைவது. வார்னிஷிலும் அதே மாதிரியான கரைப்பான் இருந்தால் மை மரத்தின் நாளங்களுக்குள் ஊறிப் பரவிவிடும். மேலோட்டமாக இருந்தால் சுரண்டிப் பார்க்கலாம். உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். உப்புத்தாள் கறுப்புத் தூளை வெளிர் மரத்தின் துளைகளுக்குள் தேய்த்து ஏற்றும், தளம் இன்னும் சாம்பலாகும். புதிய சவரப் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, சற்றே வளைத்து, பலகையின் நீள வாக்கில் உங்களை நோக்கி இழுங்கள். மாவு வரக்கூடாது, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சுருள் வரவேண்டும். மாவு வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மூன்று முறை சுரண்டியும் கறை போகவில்லை என்றால் அந்தப் பலகைகளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதுதான் வழி.

அடுத்த முறைக்கு: பலகையின் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் 2பி அல்லது 4பி பென்சிலை அழுத்தித் தேய்த்தால் போதும். உண்மைக் கப்பலில் பலகை இடுக்கில் சணலை அடைத்துக் கீல் ஊற்றுவார்கள், அதுதான் கலப்பத்து. அந்த இடுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. 1:64-இல் 0.5 மி.மீ. கோடு போட்டால் அது 32 மி.மீ. இடுக்கு, கால் விரல் போகும். மயிரிழைக் கோடுதான் சரி.

பலகை அளவிலும் கவனம் வேண்டும். 10 அங்குல அகலம் என்றால் மாதிரியில் 4 மி.மீ. நீளம் 24 அடி என்றால் 114 மி.மீ. தளத்தின் முனை முதல் முனை வரை ஒரே பலகையாக ஓட்டினால் அது கப்பல் தளமாகத் தெரியாது. தலைப்பும் தலைப்பும் சேரும் இணைப்பு எப்போதும் கீழே உள்ள உத்தரத்தின் மேல்தான் வரும். ஒரே உத்தரத்தின் மேல் வரும் இரண்டு இணைப்புகளுக்கு நடுவே குறைந்தது 3 பலகைகள் முறிவில்லாமல் ஓடவேண்டும். மர ஆணிகளைக் காட்ட விரும்பினால் மூங்கில் சிம்பைக் கம்பியச்சில், அதாவது துளையிட்ட எஃகுத் தகட்டில், இழுத்து 0.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். இருண்ட மரத்தில் ஆணி வைத்தால் தளம் அம்மை போட்ட முகம்போல் ஆகிவிடும். பலகையைவிட அரை நிழல் மட்டும் கூடுதலாக இருக்கட்டும்.

கேள்வி: மாதிரிக் கப்பல் கிட் பெட்டியில் வந்த கிராதிகளின் துளைகள் பெரிதாகத் தெரிகின்றன. அப்படியே வைக்கலாமா?

அளந்து பாருங்கள். கிராதியின் மேல் மாலுமிகள் நடப்பார்கள், அதனால் குதிகால் இறங்காத அளவுக்குத்தான் துளை விடுவார்கள். 2.5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 1 மி.மீ. பெட்டியில் வரும் கிராதி 2 மி.மீ. துளையோடு இருந்தால் அது 1:64-க்கு ஆகாது, மாற்றிவிடுங்கள். எது வைத்தாலும், பற்கள் கோர்த்து முடித்ததும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் ஊறவிட்டுக் காயவைத்த பிறகே தேயுங்கள். இல்லாவிட்டால் ஓரப் பற்கள் உதிர்ந்துவிடும். சட்டத்தைச் செய்துவிட்டு அதற்குள் கிராதியைத் திணிக்காதீர்கள். கிராதியை முதலில் வெட்டி, இரு பக்கமும் முழுக் கம்பியில் முடிகிறதா என்று பார்த்து, அதைச் சுற்றிச் சட்டத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பக்கக் கயிறு "6 அங்குலம்" என்று போட்டிருக்கிறது. 1:64-க்கு 2.4 மி.மீ. வருகிறது. கட்டிப் பார்த்தால் வடம் மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

அந்த 6 அங்குலம் கயிற்றின் சுற்றளவு. பாய்மரக் கப்பல் காலத்தில் கயிற்றை நாடாவால் சுற்றி அளந்துதான் சொல்வார்கள். அதை விட்டம் என்று எடுத்ததால் கயிறு மூன்று மடங்குக்கு மேல் பருத்துவிட்டது.

மனக்கணக்கு எளிது: அங்குலத்தில் உள்ள சுற்றளவை 8-ஆல் பெருக்கி, விகித எண்ணால் வகுத்தால் மாதிரிக் கயிற்றின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6 × 8 ÷ 64 = 0.75 மி.மீ. அதே கயிறு 1:48-இல் 1 மி.மீ., 1:96-இல் 0.5 மி.மீ. பக்கக் கயிறுகளின் குறுக்கே படியாகக் கட்டும் ஏணிக் கயிறு 1.5 அங்குலம் என்றால் 0.19 மி.மீ.; தையல் நூல் அளவுதான். நங்கூர வடத்துக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு: கப்பலின் அகலம் எத்தனை அடியோ, அதில் பாதி வடத்தின் சுற்றளவு அங்குலத்தில். 40 அடி அகலக் கப்பலுக்கு 20 அங்குல வடம், மாதிரியில் 2.5 மி.மீ.

இருக்கிற நூலின் விட்டம் தெரியவில்லையா? ஒரு பென்சிலில் நெருக்கமாக 20 சுற்று சுற்றி, அகலத்தை அளந்து, 20-ஆல் வகுங்கள். சுற்றும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, இழுத்து மெலியவைக்கவும் கூடாது.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் நிலைக் கயிறுகளுக்குத்தான் கீல் பூசுவார்கள், அவை கருமை கலந்த பழுப்பு. பாயையும் பருமலையும் இழுக்கும் ஓடு கயிறுகள் வைக்கோல் நிறம். சுத்தக் கறுப்பு நூல் மாதிரியில் கோடு போட்டதுபோல் அடிக்கும். அடர் பழுப்பு நூல் அளவுக்கு ஏற்ற கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியும். எங்கள் விருப்பம் அதுதான்.

கயிறுகளில் பெரும்பாலானவை வலப்புரி. மூன்று வலப்புரிக் கயிறுகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியது நங்கூர வடம், அது இடப்புரி. நீங்களே கயிறு திரிப்பவராக இருந்தால் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள். 2.5 மி.மீ. வடத்தில் புரியின் திசை வெறும் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: பருத்தி நூலில் மயிர் மயிராகச் சிலும்பு நிற்கிறது. நைலான் வாங்கலாமா?

வேண்டாம். நைலான் இழுபடும். இன்று முறுக்கேறி நிற்கும் கயிறு கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். பாலியஸ்டர் அல்லது நல்ல லினன் நூல் எடுங்கள். கையில் பருத்திதான் இருக்கிறது என்றால், நூலை இழுத்துப் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் வேகமாக ஒரு முறை ஓட்டுங்கள், சிலும்பு பொசுங்கிவிடும். பிறகு தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலால் உருவிவிடுங்கள். பாலியஸ்டரைச் சுடரில் காட்டக்கூடாது, உருகிவிடும்.

கேள்வி: வலப்பக்கத்து ஷ்ரவுட் கயிறுகள் ஐந்தையும் கட்டிவிட்டு இடப்பக்கம் வந்தேன். பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. டெட்ஐ கட்டைகளும் மேலும் கீழுமாக நிற்கின்றன. அவிழ்த்துவிட்டேன். சரியான முறை என்ன?

அவிழ்த்தது நல்ல முடிவு. பக்கக் கயிறுகளான ஷ்ரவுட்களை ஒரு பக்கம் முழுவதும் கட்டி முடிக்கக்கூடாது. ஒரு கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பைப் பாய்மரத் தலையில் மாட்டினால் இரண்டு கால் கிடைக்கும், அது ஒரு ஜோடி. முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால், அடுத்தது இடப்பக்கம் முன்னால், மறுபடி வலம், மறுபடி இடம். உங்கள் கப்பலில் பக்கத்துக்கு ஐந்து என்பதால் கடைசியாக வருவது ஒற்றைக் கயிறு. எல்லா ஷ்ரவுட்களும் ஏறிய பிறகுதான் முன்னோக்கிப் போகும் ஸ்டே கயிறு அவற்றின் மேல் மாட்டப்படும். இந்த வரிசை மாறினால் பாய்மரத் தலையில் கயிறுகள் ஒன்றையொன்று நசுக்கி, கட்டு உயர்ந்துகொண்டே போகும்.

டெட்ஐ என்பது மூன்று துளை கொண்ட உருண்டைக் கட்டை. கீழ்க் கட்டை கப்பலின் பக்கத்தில் நிலையாக இருக்கும். மேல் கட்டை ஷ்ரவுட்டின் நுனியில் வரும். இரண்டுக்கும் இடையே லேன்யார்டு என்ற சிறு கயிறு ஓடும், அதன் பருமன் ஷ்ரவுட்டில் பாதி. மேல் கட்டைகள் ஒரே உயரத்தில் நிற்க, கண் மதிப்பை நம்பாமல் ஒரு கம்பி அச்சு செய்துகொள்ளுங்கள். 0.6 மி.மீ. பித்தளைக் கம்பியைச் சதுர 'ப' வடிவில் மடித்து, இரு கால் நுனியையும் 3 மி.மீ. உள்நோக்கி வளைத்தால் ஆயிற்று. ஒரு நுனி கீழ்க் கட்டையின் துளைக்குள், மற்றது மேல் கட்டையின் துளைக்குள். கட்டைகளுக்கு இடையே கட்டையின் விட்டத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இடைவெளி இருக்கட்டும். அச்சு மேல் கட்டையைப் பிடித்திருக்க, ஷ்ரவுட்டை அதைச் சுற்றிக் கொண்டுவந்து சிறு கிளிப்பால் கவ்வி, மெல்லிய நூலால் மூன்று இடத்தில் கட்டுங்கள். துளைகள் எல்லாக் கட்டைகளிலும் ஒரே திசை பார்த்து நிற்கின்றனவா என்பதைக் கட்டை சுழல்வதற்கு இடமிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். லேன்யார்டின் முடிச்சு எல்லாவற்றிலும் ஒரே துளையின் உட்பக்கம் வரவேண்டும்.

இதில் முக்கியமானது, லேன்யார்டுகளை உடனே ஒட்டாமல் இருப்பது. ஓட்டி, லேசாக இழுத்து, நுனியை வெறுமனே சுற்றி விட்டுவையுங்கள். ஸ்டேக்களும் பின் கயிறுகளும் வந்த பிறகு ஏதாவது ஒன்று தளரும், ஒன்று இறுகும். அப்போது லேன்யார்டு வழியாகச் சரிசெய்ய முடியும், அதற்காகத்தான் உண்மைக் கப்பலிலும் அது இருக்கிறது. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் கப்பலின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பாய்மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் மறைகின்றனவா என்று பாருங்கள். இறுக்கம் எவ்வளவு? விரலால் தொட்டால் கயிறு சற்று அசைந்து திரும்பவேண்டும். வீணைத் தந்திபோல் முறுக்கினால் மெலிந்த மேல் பாய்மரங்கள் வளைந்துவிடும். முன்னால் நீட்டி நிற்கும் பௌஸ்ப்ரிட்டும் மேலே தூக்கிக்கொள்ளும், அதன் அடியில் வரும் இழுகயிற்றை ஸ்டேக்களுக்கு முன்பே கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: ஏணிக் கயிறு கட்டக் கட்ட ஷ்ரவுட்கள் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்குகின்றன.

ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் கொஞ்சம் இழுப்பதால் வருவது. ஒரு வரிசையில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் அடுத்த வரிசை அந்தக் குறைவிலிருந்து தொடங்கும். முன்பக்க, பின்பக்க ஓர ஷ்ரவுட்களோடு ஒரு விறைத்த கம்பியையோ மூங்கில் குச்சியையோ சேர்த்துத் தற்காலிகமாகக் கட்டிவிடுங்கள், அவை உள்ளே வளையாது. ஒரு வெள்ளை அட்டையில் ஷ்ரவுட்களின் சாய்வையும் ஏணிக் கோடுகளையும் வரைந்து பின்னால் செருகுங்கள். கோடுகளின் இடைவெளி உண்மையில் 13 முதல் 15 அங்குலம். மாதிரியில் 5 முதல் 6 மி.மீ., 1:48-இல் 7 முதல் 8, 1:96-இல் 3.5 முதல் 4. கோடுகள் நீர்மட்டத்துக்கு இணையாக ஓடவேண்டும். டெட்ஐ வரிசை தளத்தின் வளைவோடு சற்றுச் சாய்ந்து போகும், அதைப் பார்த்து வரைந்தால் ஏணி முழுவதும் கோணலாகிவிடும்.

கீழிருந்து மேலே வரிசையாகப் போகாமல், முதலில் ஐந்து கோட்டுக்கு ஒன்று கட்டிவிட்டு இடையில் நிரப்புங்கள். நடு ஷ்ரவுட்களில் கிளோவ் ஹிட்ச் முடிச்சு. உண்மையில் இரு ஓரத்திலும் சிறு கண் வைத்துத் தைத்திருப்பார்கள், இந்த அளவில் அங்கும் கிளோவ் ஹிட்ச் போடுவதில் குறையில்லை. முடிச்சை இறுக்கும்போது நூலைப் பக்கவாட்டில் இழுக்காமல் மேலும் கீழுமாக இழுங்கள். இரு ஷ்ரவுட்களுக்கு நடுவே நூல் துளி தொங்கலாக இருப்பது நல்லது. ஓர முடிச்சுகளுக்கு மட்டும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். பொறுமையாக ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் களைத்தால் முதலில் கெடுவது இறுக்கம்தான்.

கேள்வி: கப்பியின் துளை ஒரு முனைக்கு அருகில் இருக்கிறது. அந்த முனை மேலேயா, கீழேயா? எந்தக் கயிற்றுக்கு எத்தனை மி.மீ. கப்பி?

கப்பி எதில் கட்டப்பட்டிருக்கிறதோ, துளை அந்தப் பக்கம் இருக்கவேண்டும். கிணற்று இராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு சக்கரத்தின் மேல் ஏறித்தான் இறங்கும். மேலே தொங்கும் கப்பியில் துளை மேல் முனையில், தளத்து வளையத்தில் மாட்டிய கப்பியில் துளை கீழ் முனையில். தலைகீழாகக் கட்டினால் கயிறு சக்கரத்தைத் தொடாமலே போவதுபோல் இருக்கும்.

அளவுக்கு வழக்கமான விதி: கப்பியின் நீளம் கயிற்றின் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு. 0.5 மி.மீ. கயிற்றின் சுற்றளவு 1.57, ஆகவே கப்பி 4.7, 5 மி.மீ. கப்பி பொருந்தும். பெட்டியில் வரும் கப்பிகள் சதுரமாக மொட்டையாக இருந்தால், உட்புறம் உப்புத்தாள் ஒட்டிய சிறு டப்பாவில் போட்டுச் சுழற்றுங்கள், விளிம்பு உருண்டுவிடும். பிறகு ஒவ்வொரு துளையையும் ட்ரில் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நூல் நுனியைச் சூப்பர் க்ளூவில் தொட்டுக் காயவைத்து, சாய்வாக வெட்டினால் ஊசி மாதிரி நுழையும்.

கேள்வி: முளையில் கட்டிய கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டி மாட்டினால் கம்பிச் சுருள் மாதிரி விறைத்து நிற்கிறது.

கட்டுவதும் சுருளும் தனித்தனி வேலையாக இருக்கட்டும். கயிற்றை முளையில் எட்டு வடிவில் இரண்டு சுற்று சுற்றி, கடைசிச் சுற்றைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பசை ஒரு சொட்டு வைத்து, ஒட்ட வெட்டிவிடுங்கள். சுருளை வெளியே செய்யுங்கள். அட்டையில் இரண்டு குண்டூசி குத்தி, ஐந்தாறு சுற்று சுற்றி, மேல்பக்கம் ஒரு சுற்றால் கட்டி எடுங்கள். தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, ஈரத்தோடு முளையில் மாட்டி, சாமணத்தால் அடியைக் கீழே இழுத்து ஒடுக்குங்கள். கனத்தால் தொங்குவதுபோல் மேலே விரிந்து கீழே குவிந்து வரவேண்டும். வலப்புரிக் கயிறு கடிகாரச் சுற்றில் சுருட்டப்படும். முளையின் நீளமும் அளவோடு இருக்கட்டும். 16 அங்குல முளை மாதிரியில் 6 மி.மீ.தான். பெட்டியில் வரும் 10 மி.மீ. முளை உண்மையில் 64 செ.மீ. நீளத் தடி.

கேள்வி: பாய் மாட்டாமல் விடப்போகிறேன். பருமல்களை எந்த உயரத்தில் நிறுத்துவது?

இறக்கி நிறுத்துங்கள். பாய் விரித்திருக்கும்போதுதான் மேல் பருமல்கள் உயரப் போகும். பாய் இல்லாத கப்பலில் கீழிருந்து இரண்டாவதான டாப்செயில் பருமல் கீழ்ப் பாய்மரத்தின் தலைக்குச் சற்று மேலேயும், அதற்கு அடுத்தது அடுத்த தலைக்கு மேலேயும் இறங்கி நிற்கும். கீழ்ப் பருமல் கிட்டத்தட்ட அதே இடத்திலேயே இருக்கும். கயிறுகளையும் இதற்கேற்ப வையுங்கள். இறக்கிய பருமலின் இரு முனைகளையும் தாங்குவது லிஃப்ட் கயிறு, அது விறைப்பாக இருக்கும். பருமலை ஏற்றும் கயிற்றின் இரு கப்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்கும். பாயின் கீழ் மூலையில் மாட்டும் கப்பிகளையும் கயிறுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிப் பருமலுக்கு அடியில் இழுத்து வைப்பார்கள்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன் முடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கப்பலில், வார்ப்பு உலோகப் பீரங்கிகள்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் திரும்ப வருகிறது.

அந்தப் பீரங்கிகளில் ஈயம் இருக்கிறது. மரமும் சில பசைகளும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கி ஈயத்தை அரிக்கிறது. அந்தப் பொடி ஈயக் கார்பனேட், நஞ்சு. ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். கையுறை போட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, பஞ்சைப் பையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். வர்ணம் பூசி மூடினால் அரிப்பு உள்ளே தொடரும். ஆகவே பீரங்கிகளைப் பித்தளை அல்லது ரெசினில் செய்தவையாக மாற்றிவிடுவதே சரி. ஈயக் கட்டைகளோ நங்கூரமோ இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

பெட்டியின் அடிப்பலகை ஓக் அல்லது ஒட்டுப்பலகை என்றால் அதையும் மாற்றவேண்டியிருக்கலாம். மூலைகளைக் காடி நெடி அடிக்கும் சிலிகான் பசையால் அடைத்திருந்தால் அதுவும் அதே அமிலம்தான் விடும். அடிப்பலகையில் எதிரெதிர் மூலைகளில் விரல் பருமனில் இரண்டு துளை போட்டு, உட்பக்கம் மெல்லிய துணி ஒட்டுங்கள். தூசு வராமல் காற்று மட்டும் போய்வரும். பெட்டி வெயில் விழும் சுவரில் இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள், சூடு ஏற ஏற மரம் அதிகமாக ஆவி விடும், கயிற்றின் நிறமும் வெளுத்துப்போகும்.